எந்த வண்டியில கழட்டினது

பஞ்சிகாவத்தைக் கடையில்
கையில் எதைக் கொடுத்தாலும்
நீங்கள் முதலில் கேட்பது அதுதான்.
எந்த வண்டியில கழட்டினது?
கியர் பெட்டியோ கதவோ
எண்ணெயைத் துடைத்து
இலக்கம் தேடும் உங்கள் பெருவிரல்.

காசல் வீதி ஆஸ்பத்திரியில்
பிள்ளையின் வலக்காதில் பாங்கு சொன்னீர்கள்.
குரல் நடுங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது.
பிறகு அவள் கண் திறந்தாள்.
மழைக்கு முந்திய பேரே வாவியின் நிறம்.

போகப் போகக் கறுக்கும் என்றாள் தாதி.
நாற்பது கழிந்தது.
நூறும் கழிந்தது.
உங்கள் ராத்தா ஜெசீமா தொட்டிலுக்கு மேல் குனிந்து
எங்கட பக்கத்தில் யாருக்கும் இப்படி இல்லையே என்றார்,
சீனி போதுமா என்று கேட்கிற குரலில்.
நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
பெருவிரல் மட்டும்
பிள்ளையின் புருவத்தில் ஒருக்கா ஓடி நின்றது.

அன்றிரவு நான் தூங்கவில்லை.
தெமட்டகொடைப் பக்கம் சாமான் ரயில் ஒன்று
விடியும்வரை பெட்டி மாற்றிக்கொண்டிருந்தது.
ஹதீஸில் வருகிற அந்தக் காட்டறபியை நினைத்தேன்.
கறுத்த பிள்ளை பிறந்ததென்று
நெஞ்சில் கல்லோடு வந்தவன்.
அவன் மனைவியைப் பற்றிக் கேள்வியே இல்லை.
கேட்கப்பட்டது ஒட்டகங்களைப் பற்றி.
என்ன நிறம்?
சிவப்பு.
சாம்பலில் ஒன்றாவது?
உண்டு.
அது எங்கிருந்து வந்தது?
எங்கோ ஒரு நரம்பு இழுத்திருக்கும் என்று
அவன் வாயாலேயே வந்தது பதில்.

இதைச் சொன்னால்
நான் ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள்.
உண்மை. சொல்லவில்லை.
உங்கள் வாப்பாவும் சொன்னதில்லையாம்.
பதினொரு மாதம்
வேலைக்குப் போய், சோறு தின்று, ஐந்து நேரமும் தொழுது,
மாமியோடு ஒரு வார்த்தை இல்லாமல்.
மாமியே சொன்னா, மீன் கழுவிக்கொண்டு.
எதற்கென்று அவவுக்கே மறந்துவிட்டது.

கண் நரம்பில் வந்தது.
யாருடைய நரம்பு, எனக்கும் தெரியாது.
பேருவளையில் கப்பல் தவறிய எவனோ,
வேகந்தைச் சந்தில் ஒருத்தியோ,
உங்கள் பக்கத்திலேயே
ஒரு படமும் எடுக்காமல் மௌத்தானவரோ.
ஆனால் இந்த மௌனம்?
இது எந்த வண்டியில கழட்டினது?

எங்கள் வாப்பாமார் இப்படித்தான் இருந்தார்கள் என்றவர்களை
வேதம் எத்தனை இடத்தில் மடக்கிக் கேட்கிறது.
றமழானில் அந்த வசனங்கள் வரும்போது
நீங்கள்தானே குரலை இறக்கி ஓதுவீர்கள்.
சிலை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் சொன்னதென்றா நினைத்தீர்கள்?

பிள்ளை எழும்பிவிட்டாள்.
ஆதமின் முதுகிலிருந்து எல்லோரையும் எடுத்து நிறுத்தி
உங்கள் றப்பு நானல்லவா என்று கேட்ட நாளில்
ஆம் என்ற கூட்டத்தில் இவளும் நின்றாள்,
நம் இருவரிடமும் கேட்காமல்.

சுபஹுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.
தேத்தண்ணி வைக்கிறேன்.
எழும்பி வந்து தூக்குங்கள்.
கேட்பதென்றால் வாய் திறந்து என்னிடம் கேளுங்கள்.
அந்தப் பெருவிரலை மட்டும்
ஒருக்கா கழுவிக்கொண்டு வாருங்கள்.