வெறுங்கை முழம்

மூன்றாம் கூண்டில் சால்மன்கள்
தண்ணீருக்கு மேலே வாயை நீட்டுகின்றன என்று
எராஸ்மோ போன் செய்தபோது மணி இரண்டே முக்கால்.
கெயோன் துறையில் மழை பக்கவாட்டில் அடித்தது.
மடிக்கணினியைத் தீனிச் சாக்கில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டே படகில் போனேன்.

அளவி ஏழு புள்ளி எட்டு காட்டியது.
மூச்சுக்குத் தாராளம்.
கடலின் உப்புக்காகக் கழிக்கவேண்டியதைக் கழித்தால்
ஐந்து புள்ளி ஏழு.
ஆறுக்குக் கீழே இறங்கினால் பம்பு ஓடவேண்டும்.
ஓடவில்லை.

கழிப்பதற்கென்றே ஒரு செயற்கூறு எழுதியிருந்தேன்,
போன மார்ச்சில், சி மொழியில்.
அழைத்தால் வரும். அழைக்காத இடத்தில்
எட்டிக்கூடப் பார்க்காது.
அதன் தலையில் வாய்ட் என்று எழுதியிருந்தேன்:
திரும்பும்போது ஒன்றும் கொண்டுவராதே,
வேலையை முடித்துவிட்டு வா, போதும்.

முடித்துத்தான் இருக்கிறது.
பத்து நொடிக்கு ஒரு தரம் அழைத்திருக்கிறேன்,
ஒவ்வொரு தரமும் வந்திருக்கிறது,
தசமம் பிசகாமல் கழித்திருக்கிறது
நான் கையில் கொடுத்த நகலில்.

கடைசி அடைப்புக்குறி மூடியதும் நகல் போயிற்று.
அது இருந்த இடத்தில்
அடுத்த அழைப்பு வந்து உட்கார்ந்துவிட்டது.
வெளியே மூலம்,
ஏழு புள்ளி எட்டு,
யார் விரலும் படாமல்.

"என்ன பழுது?" என்றான் எராஸ்மோ
கொக்கியால் ஒரு மீனைப் புரட்டியபடி.
தீனி இறக்கும்போது ரசீதில் கையெழுத்துப் போடுவாயே,
வெள்ளைக்கு அடியில் மஞ்சள் தாள்.
மஞ்சளில் எண்ணைத் திருத்தினால்
வெள்ளையில் மாறுமா என்று கேட்டேன்.
"மாறாது. ஒரு தடவை திருத்திப் பார்த்திருக்கிறேன்."
சிரிக்காமல் சொன்னான்.

கம்பைலர் மேல் பழியைப் போடலாம் என்று
ஒரு நிமிஷம் தோன்றியது.
அது முணுமுணுக்கத்தான் செய்திருக்கும்:
'இந்தப் பெயருக்கு மதிப்பு வைக்கிறாய்,
அதை யாருமே பார்ப்பதில்லையே.'
எச்சரிக்கைகளை அணைத்து வைத்தவள் நான்.
திரை நிறைய வருகிறது, கண் வலிக்கிறது என்று.

விரல்கள் மரத்திருந்தன.
வாங்கிக்கொள்ளும் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்.
உள்ளே அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் இன்னொன்று.
அழைக்கும் இடத்தில் ஓர் ஆம்பர்சண்ட்:
இந்தா எண் என்று நீட்டாமல்
இந்தா, எண் குடியிருக்கும் விலாசம்.
மேலே, முன்கூட்டியே அறிவித்து வைத்த வரியை மறந்தேன்.
கம்பைலர் கத்தியது.
கத்தட்டும். அங்கேயும் ஒரு நட்சத்திரம்.
வானத்தில் அன்று ஒன்றுகூட இல்லை.

வெறுங்கை முழம் போடுமா என்பார்கள்.
போடும்,
துணி இருக்கும் வீட்டைக் காட்டிவிட்டால்.

பம்பு இருமியது, நின்றது,
பிறகு ஒரேயடியாக உறுமத் தொடங்கியது.
கறுப்புத் தண்ணீரில் வெள்ளையாகக் குமிழ்கள்.
நீட்டிய வாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின,
போக முடிந்தவை.

விடியும் வரை எராஸ்மோ வலையால் வாரினான்.
நான் மேலும் ஒரு வரி சேர்த்தேன்:
ஸ்டாட்டிக் இன்ட், தொடக்கம் பூஜ்யம்.
மற்றதெல்லாம் வந்து வந்து அழிந்தாலும்
இது மட்டும் செயற்கூறுக்குள்ளேயே தங்கும்,
எத்தனை தரம் ஆறுக்குக் கீழே போனோம் என்று
எண்ணிக்கொண்டு.
பூஜ்யம் ஒரே தரம்தான்.
இரண்டாம் அழைப்பிலிருந்து
அந்த வரியைத் திரும்பிப் பார்க்காது.

"இந்த ராத்திரி அதில் சேருமா?"
சேராது என்றேன். இனிமேல் நடப்பதுதான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்து
ரசீதுப் புத்தகத்தைத் திறந்தான்.
நானூற்றுப் பதினாறு என்று
வெள்ளைத் தாளில் எழுதினான்,
மஞ்சளிலும் பதியும்படி
அழுத்தி.