முழு எட்டு

காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு.
பிலிகுண்டுலுக் கரையில் நட்டிருக்கும்
இரும்புத் தகட்டின் எண்ணைப் படித்து
போனில் சொல்வது என் வேலை.
நான் சொல்வது கன அடியாகி
இரவுச் செய்தியின் அடியில் ஓடும்.
இரண்டு மாநிலம் அதைப் பிடித்துக்கொண்டு
வழக்காடும்.

தகட்டைத் துடைப்பது யாரென்று
ஒருவரும் கேட்டதில்லை.
நானும்தான்.
பாசி ஏறாத ஆறு உண்டா?
என் எண்கள் மட்டும்
நேற்று எழுதியவைபோல் வெள்ளையாக இருந்தன.

போன ஆனியில்
கிருஷ்ணகிரியிலிருந்து ஷாகிரா வந்தார்.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்,
ஒரு கண்ணாடிப் பெட்டி,
நனையாத தாளில் ஒரு நோட்டு.
தகட்டோடு தகடாய் ஒட்டியிருந்த ஒன்றை
நெம்பி எடுத்துக் காட்டினார்:
"உங்க துப்புரவுப் பணியாளர், அண்ணா."

கல்லொட்டி.
நடுவிரல் நீளம், நனைந்த பாறையின் நிறம்.
வாய் முகத்தில் இல்லை, முகத்துக்கு அடியில்.
மோவாயில் ஒரு வட்டம்,
சட்டைப் பொத்தான்கூட அதைவிடப் பெரிது.
அதை வைத்துத்தான்
வெள்ளத்துக்குள் நிற்கிறது,
நிற்பதைத் தவிர வேறு வீரம் தெரியாமல்.
உதட்டில் பல் கிடையாது, தொண்டையில் உண்டு.
இரைப்பை கிடையவே கிடையாது.
உடம்பைப்போல் பல மடங்கு குடல்
கடிகாரச் சுருளாய் மடங்கிக் கிடக்கிறது.
பாசியைச் சதையாக்க
அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

ஆணின் மூக்கில் வெள்ளை வெள்ளையாய்ப் பரு.
"கல்யாணக் களை" என்றான் பரிசல் கெம்பன்.
புதுவெள்ளம் வந்தால் எதிரேறிப் போய்
கூழாங்கல் இடுக்கில் முட்டையிடுமாம்.
இடுக்கில் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.
வண்டல் மூடினால் முட்டைக்கு மூச்சில்லை.

"எத்தனை மிச்சம் மேடம்?"
"அதை எண்ணத்தான் வந்தேன்."

எண்ணி முடிக்கவில்லை.
ஆவணியில் மேலே மதகை இரவில் திறந்து
விடியலில் மூடினார்கள்.
பதிவேட்டில் எழுதினேன்: ஏற்றம். இறக்கம்.
பாறைக் குழிகளில் சிக்கிக்கொண்டவற்றுக்கு
அதில் கட்டம் இல்லை.
மதியத்துக்குள் குழியெல்லாம் தோசைக்கல்.

மாசியில் மிஞ்சிய மடுவில்
யாரோ பிளீச்சிங் பவுடர் கரைத்தார்கள்,
கெளுத்திக்காக.
கெளுத்தி கூடைக்குப் போனது.
இது கரையில் கிடந்தது.
கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்றுகூட
யாரும் கேட்கவில்லை.

சித்திரையில் என் எண்கள் பச்சையாயின.
எட்டின் இடப்பக்கம் மூடி
மூன்றாய்த் தெரிந்தது ஒருநாள்.
மூன்று என்றே சொல்லிவிட்டேன்.
அரை மீட்டர் காவிரி காணாமல் போனது.
"கண்ணாடி போடய்யா" என்றார் அதிகாரி.

தேங்காய் நாரோடு இறங்கினேன்.
எழுபது கிலோ மனுஷன்
இடுப்பளவு தண்ணீரில்
ஒரு விரல் மீனின் வேலையை
அதைவிட மோசமாகச் செய்தேன்.
பாசியோடு பெயிண்டும் வந்தது.

பிறகு கரைமேல் கம்பம் நட்டு
ரேடார் மாட்டினார்கள்.
அதற்குத் தகடு வேண்டாம், தண்ணீரைத் தொடவும் வேண்டாம்.
தினக்கூலி நிற்கும்வரை வந்துபோ என்றார்கள்.
வந்துபோகிறேன்.
பழக்கம்,
மூன்று வேளையும் குனிந்து பார்க்கிறேன்.

ஆடிப் பெருக்கு வடிந்த மூன்றாம் நாள்
ஷாகிரா போன் செய்தார்.
"ஒண்ணாவது கண்ணுல பட்டுச்சா அண்ணா?"

மீன் எதுவும் படவில்லை மேடம்.
ஆனால் கடைசித் தகட்டில்,
என் கை எட்டாத ஆழத்தில் இருந்தது
இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது,
சுற்றிலும் பச்சை,
நடுவில் எட்டு மட்டும் பளிச்சென்று.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.
"பாதி எட்டா, முழு எட்டா?
சரியாப் பாத்துச் சொல்லுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு
மறுபடி இறங்கிப் பார்த்தேன்.

முழு எட்டு.