துணைக்காற்று

மார்விக் இரண்டை மேசைமேல் வைத்தாள்,
மூன்றாவதை வாயால் சொன்னாள்.
நவம்பர். ஷ்லெண்டி விரிகுடாவை விட்டுக்
கடைசிச் சுற்றுலாப் பேருந்தும் போய்விட்டது.
கடை முழுக்க ஈர ரப்பர் வாடை.
காயப்போட்ட நீருடை ஒன்றின் மார்பில்
பூனை படுத்திருந்தது.

தண்ணீர் பாட்டில் அளவே இருந்தது மஞ்சள் குப்பி.
இடுப்பில் செருகிக்கொள்ளலாம், இருப்பதே தெரியாது.
“எத்தனை மூச்சு வரும்?”
“முப்பது மீட்டரில், பயந்துபோய் இழுத்தால்,
பத்து.”
“பதினொன்றாவது?”
பூனையைப் பார்த்தாள்.

மற்றது மூன்று லிட்டர். கைக்குழந்தையின் கனம்.
அதற்கென்று தனி வாய், தனிக் குழாய், தனி மானி.
முதுகுச் சிலிண்டரோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை.
விலை கேட்டதும்
தரையிலேயே எனக்கு மூச்சு முட்டியது.

“இல்லையென்றால் எதுவுமே வாங்க வேண்டாம்” என்றாள்.
“விஸ்டின் மார்பில் தொங்குமே உபரிக் குழாய்,
அது உனக்காகத்தான்.
கை எட்டும் தூரத்தில் அவன் இருந்தால் போதும்.”

இருந்தால்.

மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்பவன்தான்
பக்கத்திலேயே இருப்பேன் என்று.
கேமராவோடு இறங்கிவிட்டால்
நகமளவு நத்தை ஒன்று போதும்,
ஓடில்லாத, ஊதா நிற, கொம்பு முளைத்த நத்தை.
அதோடு போய்விடுவான்.

செப்டம்பரில், மூழ்கிய படகின் பின்புறம்,
என் முள் ஐம்பதைத் தொட்டபோது திரும்பினேன்.
அவன் இருந்த இடத்தில்
அவன் கலக்கிய மணல் இருந்தது.
இருபத்தாறு துடுப்படி. எண்ணினேன்.
தோளைத் தொட்டு மானியைக் காட்டினேன்.
கண்ணை எடுக்காமலே
ஒரு விரலை உயர்த்தினான்:
இரு.

இருந்தேன்.
ஒன்றும் ஆகவில்லை. கரையேறி ஆளுக்கொரு ஃப்டிரா தின்றோம்,
தக்காளிச் சாறு முழங்கை வரை வழிய.
படத்தைக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது.

ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
முப்பதிலிருந்து மேலே வர நான்கு நிமிடம்,
ஐந்து மீட்டரில் நின்று மூன்று நிமிடம்,
சிக்கலை அவிழ்க்க, அழ, ஒரு நிமிடம்.
அமுக்கத்துக்குப் பெருக்கி, பயத்துக்குக் கூட்டி
எப்படிப் போட்டாலும் பத்து மூச்சு போதவில்லை.
அந்த ஒற்றை விரலுக்கு எத்தனை லிட்டர் என்று
மார்விக்கின் அட்டவணையில் இல்லை.

மூன்று லிட்டரை வாங்கினேன்.
வீட்டில் மூச்சு விடவில்லை.

ஞாயிறு, ஷட் லாஹ்மர் கரையில்
வேனின் பின்கதவைத் திறந்தவன் பார்த்துவிட்டான்.
“யாருக்கு இது?”
“எனக்கு.”
“அதான் நான் இருக்கேனே.”
கொக்கியை மாட்டினேன். இடப்பக்கம் சாய்த்தது;
ஓர் ஈயக்கட்டியை வலப்பக்கம் மாற்றினேன்.
சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை.
என் தோள்பட்டையை இறுக்கிவிட்டான்,
தேவைக்கு மேலேயே.

அன்று கீழே நான் திரும்பிப் பார்க்கவில்லை.
அப்படியொரு கடல் அங்கே இருந்தது
ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாது.
பாறையிடுக்கில் பேய்க்கணவாய் ஒன்று
கல்லாகிக்கொண்டிருந்தது,
பிறகு பாசியாகி,
பிறகு மனசு மாறி மறுபடி கல்லாகி.

டிங். டிங். டிங்.
சிலிண்டரில் இரும்பு தட்டும் சத்தம்.
தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது,
ஆனாலும் யாரென்று தெரிந்தது.
கேமராவை இடுப்பில் தொங்கவிட்டுக்
கலங்கலில் துழாவியபடி வந்தான்,
முகமூடிக்குள் கண் இரண்டும் பெரிதாக.

விரலை உயர்த்தப் போனேன்.
பாதி உயர்த்தியும்விட்டேன்.
பிறகு அதே விரலால்
பாறையிடுக்கைக் காட்டினேன்.

சாயங்காலம் குழாயடியில் உப்புப் போகக் கழுவினோம்.
சின்ன மானியில் முள்
இருநூறிலேயே நின்றது.
விஸ்டின் அதன் வாயைத் துணியால் துடைத்தான்,
இதை எங்கே வைக்க, என்று கேட்டான்.