முந்தி வரும் எதிரொலி

நூற்று அறுபத்தெட்டு. கீழே எழுபத்திரண்டு.
டிக்கோயா கிளினிக்கில் டொக்டர் நிஃப்லா
இரண்டாம் தரமும் பட்டையைச் சுற்றினார்.
அதே எண்கள்.
கீழெண் நல்லாத்தானே இருக்கு மிஸ், என்றேன்.
அதுதான் யோசனை, என்றார்.
மேலது ஏற, கீழது இறங்க, நடுவில் பள்ளம் அகலுது.
உங்கட நாடி இழுபட மறந்திட்டுது.

கொழுந்து லொறிக்கு லைசன்ஸ் புதுப்பிக்க
ஒரு மெடிக்கல் கேட்டு வந்தவன் நான்.
அடைக்கலராஜ், ஐம்பத்தொன்பது.
நெஞ்சுவலி கிடையாது.
பீடியை விட்டுப் பதினொரு வருஷம்.

கொப்பியின் பின்னட்டையில்
அவர் இதயத்தை வரையவில்லை, ஓர் அலையை வரைந்தார்.
இளம் நாடியில் அது கடைசிவரை போய்
ஆறுதலாய்த் திரும்பும்;
இதயம் தளர்ந்து மூச்சு வாங்கும் நேரம் பார்த்து
அதற்கே ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போகும்.
விறைத்த நாடியில் ஓடிப்போய் ஓடி வரும்,
இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே
எதிரே வந்து முட்டும்.
வருஷக்கணக்காய் முட்டினால் இதயம் தடிக்கும்.
பசிக்கும்.

ஹோர்ன், என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.

காசல்ரீ தண்ணீருக்கு மேலுள்ள வளைவில் அடித்தால்
அக்கரை டர்பன்டைன் மரங்களில் தட்டி
நான் கியர் மாற்றி முடித்த பிறகுதான் வரும்.
ஆறாம் நம்பர் மலையில், பாறை குடைந்த வளைவில்,
விரலை எடுக்குமுன் முகத்தில் அறையும்.
முப்பத்துமூன்று வருஷம் இரண்டையும் கேட்டவன்
உள்ளே எந்த வளைவு என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

சாயத்தண்ணியில் உப்புப் போடுவீங்களா?
ஒரு சிட்டிகை.
சொர்ணலதாவின் சிட்டிகைக்கு மூன்று விரல் வேண்டும்,
அதைச் சொல்லவில்லை.
பிறகு சொன்னேன்.

வயசை இறக்க ஏலாது, அமுக்கத்தை இறக்கலாம்.
குளிசை ஒன்று. தினம் அரைமணி நடை.
ஏற்றத்திலா மிஸ், இறக்கத்திலா?
சமதரை எங்க இருக்கு இந்த ஊரில, என்று சிரித்தார்.
படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை.
இரண்டு மாதம் கழித்து வரச்சொன்னார்.

பின்னேரக் கொழுந்தை திலுக்ஷன் ஏற்றிப்போனான்.
பக்கத்து சீட்டில் நான்,
என் வீட்டுக்கு விருந்தாளியாய் வந்தவன் மாதிரி.
பாறை வளைவில் அவன் அடித்தான்,
அது வந்து அறைந்தது.
என் விரல்கள் மணிக்கட்டைத் தேடின.

காசல்ரீ வளைவில் அவன் அடிக்கவில்லை.
எதிரே வண்டியில்லை, பார்வைக்குத் தடையில்லை.
அடி, என்றேன்.
ஏன் அண்ணே?
சும்மா அடி.

சத்தம் போன பக்கம்
தண்ணீர் சாம்பலாய்க் கிடந்தது.
ஒன்று, என்று எண்ணத் தொடங்கினேன்.