எண்ணெய்ப்படலம் இல்லை

முப்பத்தோரு வருடம் ரெஜைனா நகராட்சிக்குத்
தண்ணீர் மீட்டர் பார்த்தவள் நான்.
எண் பொய் சொல்லாது.
குறித்துக்கொண்டு போகிற ஆள் சொல்வார், குளிர் அதிகமானால்.
அதனால் அப்பாவின் படங்களை
முகங்களிலிருந்து தொடங்கவில்லை.

முதல் படத்தில் மிதவை விமானம், ஒரு ஏரித்துறை,
இறக்கைக்குக் கீழே ஒன்பது பேர்.
பக்கவாட்டு எண்ணைத் தணிக்கைக்காரன் சுரண்டிவிட்டான்.
மிச்சம் ஓர் எழுத்து. ஒரு வட்டம்.
‘ஓ’வா ‘க்யூ’வா?
பூதக்கண்ணாடியில் வட்டத்துக்கு வால் தெரிந்தது.
இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.
வால், குண்டூசித் துரு.

இடமிருந்து நான்காவது அப்பா.
ஓரெஸ்ட் ஹ்னாட்டிவ், வானொலி இயக்குநர்,
பத்தொன்பது வயதுவரை
கோதுமையைத் தவிர வேறு அலை பார்க்காதவர்.

போரைப் பற்றி அவர் வீட்டில் சொன்னது
ஒரே வாக்கியம்: “ஒன்றை முடித்தோம்.”
ஒன்று என்றால் நீர்மூழ்கி என்று
நாங்களாக வைத்துக்கொண்டோம்.
தம்பி டாராஸ் அதற்கு மெழுகுப் பென்சிலில்
கொடி வரைந்தான், கேப்டன் வரைந்தான்,
மூழ்கும்போதும் கரண்டியை விடாத
ஒரு சமையல்காரனை வரைந்தான்.
அப்பா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு
மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார்.
எங்களிடம் அப்போது மாடு இல்லை.

பறப்பேட்டில் அறுநூற்றுப் பதினொரு மணி நேரம்.
ரோந்து. ரோந்து.
கப்பல் தொடரைச் சந்திக்கவில்லை, பனிமூட்டம்.
ரோந்து.
ஒரு மாதம் முழுக்க “மேற்படி”.
இவ்வளவு தண்ணீரை யாரும் இப்படி
ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று
வாசித்திருக்க மாட்டார்கள், நான் உட்பட.

மார்ச் ஒன்பது: ஆழ்வெடி, நான்கு.

அதே நாள், படைப்பிரிவுப் பதிவேடு, வேறு கையெழுத்து:
“பெரிஸ்கோப் போன்ற நீர்த்தாரை. தாக்கப்பட்டது.
எண்ணெய்ப்படலம் இல்லை. சிதைபொருள் இல்லை.
நீர் நிறம் மாறியது. படம் இணைப்பில்.”

இணைப்பு வந்து சேரப் பதினாலு வாரம்.
கறுப்பு வெள்ளைப் படத்தில்
சிவப்பு சாம்பலாகத்தான் விழும்.
சாம்பலின் நடுவே அகலமான ஒரு முதுகு.
அதை ஒட்டி இன்னொன்று, மிகச் சின்னது,
கொஞ்சம் மங்கலாக.
மங்கல் லென்ஸின் கோளாறு இல்லை.
அசைகிறவைதான் அப்படி விழும்.

பதினேழு நாள் கழித்து விபத்து அட்டை.
தாழ்மேகம், மேற்குத் தீவில் ஒரு குன்று.
ஆடு தேடிப் போன முர்டோ என்பவர் கண்டார்.
படத்தில் நிற்கிறவர்களில் எட்டுப் பெயர்
அகரவரிசையில்.
ஒன்பதாவது மட்டும் தனியாக, கீழே:
இரு கால் முறிவு, பேசும் நிலையில் இல்லை.

ஓரத்தில் பென்சில்:
“திசை கேட்டு வானொலிச் செய்தி அனுப்பவில்லையோ?”

அந்த “யோ”வை எத்தனை இரவு
விளக்கடியில் வைத்துப் பார்த்திருப்பேன்.
அனுப்பினாரா, மலை விழுங்கியதா,
சின்னதையே பார்த்துக்கொண்டிருந்த கண்
அன்று குமிழ்மேல் போகவில்லையா?
பிறகு அது எனக்குப் பழகிய பென்சில் என்று பிடிபட்டது.
கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய மதிப்பீடு.
நாய் கட்டாத வீடுகளுக்கு
நானும் அப்படித்தான் எழுதினேன்,
யூனிட் இத்தனை இருக்கும் என்று.
யாரோ கட்டணம் கட்டினார்கள்.

ஞாயிறு டாராஸ் கூப்பிட்டான். எழுபத்திரண்டு வயது,
முழங்காலுக்குப் புது எஃகு.
“கடைசியில் என்ன, மூழ்கடித்தார்களா இல்லையா?”
பதிவேட்டில் இருந்ததை அப்படியே வாசித்தேன்.
படத்தைச் சொன்னேன். பெரியது. சின்னது.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு கேட்டான்:
“அப்படியென்றால் அந்தச் சமையல்காரன்?”