திருகாணித் துளை

புந்தா அரேனாஸில் காற்றுக்கு விடுமுறை இல்லை.
பலமாக வீசும் நாட்களில்
நகராட்சி ஆட்கள் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்போம்,
வங்கி மேலாளரும், மீன் விற்பவளும், நாங்களும்,
ஒரே கொடியில் படபடக்கும் துணிகளாக.

நிபால்தோ பள்ளிக்கு வந்து எட்டு நாளாயிற்று.

ஏழுக்கு இரண்டு புள்ளி மூன்று.
நான்கு வாங்கினால்தான் தேர்ச்சி.
மின்பிரிவுக் கூரையில் அவன் பூட்டிய காற்றாடி
ஒரு பல்பைக் கண் சிமிட்ட வைத்தது.
அடுத்த வீச்சில் இறக்கையொன்று பிய்ந்து பறந்து
சமையலறைப் புகைபோக்கியில் மோதியது.
எல்லோரும் சிரித்தோம்.
நானும்தான், மறைப்பானேன்.

வெர்காரா சார் மதிப்பெண் எழுதிவிட்டு
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.
கெட்டவர் இல்லை.
முப்பத்தாறு காற்றாடிகள், ஒரு மதியம்.

வருகைப் பதிவில் "ஒயார்சோ" என்று அழைத்ததும்
முதல் நாள் அவர் பேனா நின்றது,
தலை தூக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.
மூன்றாம் நாள் பேனா மட்டும் நின்றது.
எட்டாம் நாள் அதுவும் நிற்கவில்லை.
ஒரு பெயர் இப்படித்தான் மெலியும்.
எனக்குத் தெரியும்.
இந்த வகுப்பில் எனக்கு இது இரண்டாம் வருடம்.

துறைமுகத்தில், அவன் மாமாவின் நண்டுக் கொட்டகையில்
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு
பெட்டி கழுவிக்கொண்டிருந்தான்.
"இங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை, யாஸ்னா.
பெட்டிக்கு இவ்வளவு பெசோ.
கணக்குத் தீர்ந்தது."

திரும்பி வா என்று சொல்லத்தான் போனேன்.
வாயில் வரவில்லை.
போன வருடம் எனக்கும் ஆளாளுக்கு அதைத்தான் சொன்னார்கள்.

பையைத் திறந்து
பனிக்கட்டி மேல் இரண்டு உடைந்த இறக்கைகளை வைத்தேன்.
ஒன்று அவனுடையது,
புகைபோக்கிக்குக் கீழே பொறுக்கியது.
இன்னொன்று என்னுடையது,
கட்டிலுக்கடியில் ஒரு வருடம் கிடந்தது.

இரண்டும் ஒரே இடத்தில் முறிந்திருந்தன.
திருகாணி போன துளையில்.
ஓரத்துக்கு அவ்வளவு நெருக்கமாக
நானும் துளைத்திருந்தேன், அவனும்.

கையுறையைக் கழற்றினான்.
முறிவு மேல் கட்டைவிரலை ஓட்டினான்,
என்னுடையதில் ஒருமுறை, அவனுடையதில் ஒருமுறை.
சுற்றிலும் நண்டுகள் மெல்லக் கால்களை அசைத்தன.
"முதலிலேயே காட்டியிருக்கலாமே."

காட்டியிருக்கலாம்.
வெட்கப்பட்டு நான் ஒளித்து வைத்ததையே
அவன் மறுபடி முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறான்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
பென்சில் இருக்கிறதா என்று கேட்டான்.
நண்டுப் பெட்டியின் அட்டையில் வரையத் தொடங்கினோம்.
மாமா இரண்டு முறை திட்டினார்.

திங்கட்கிழமை.
"ஒயார்சோ"வைத் தாண்டிப் பேனா
"பரேதெஸ்"ஸுக்குப் போய்விட்டது.
"இருக்கிறேன்" என்றது ஒரு குரல்.
நண்டு வாடையோடு.
பேனா திரும்பி வர வேண்டியிருந்தது.
போட்ட கோட்டை அடிக்கவும் வேண்டியிருந்தது,
தாள் கிழியும் அளவுக்கு.

புதிய காற்றாடி நாற்பது நிமிடம் பல்பை எரித்தது.
பிறகு, வேறென்ன, உடைந்தது.
ஏணியில் பாதி இறங்கிப் பாதி குதித்து
லாட்டரி விழுந்தவன் போலக் கத்திக்கொண்டு ஓடிவந்தான்:
"துளையில் இல்லை யாஸ்னா! நடுவில்! நடுவில் உடைந்திருக்கிறது!"

மூன்று புள்ளி ஆறு.
இன்னும் சிவப்பு மைதான்.
வெர்காரா சார் அந்த இறக்கையை
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அடுத்த பெயரைக் கூப்பிடாமல்.

பட்டறைச் சுவரில் மூன்றையும் கம்பியால் கட்டினோம்,
கீழே எங்கள் பெயர்களோடு.
மறுநாள் யாரோ சாக்பீஸால் அம்புக்குறி போட்டு
"இங்கே துளைக்காதே" என்று எழுதியிருந்தார்கள்.

வியாழனன்று பக்கத்தில்
ஒரு கருகிய கம்பிச்சுருள் தொங்கியது.
பெயர் இல்லை.

வெள்ளியன்று இருந்தது.