அப்பாவுக்கு நாற்பது விநாடி

மாலையை அவரேதான் வாங்கிவந்தார்.
குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு எதிரில்
சந்தனச் சீவல் மாலை.
நூத்தியெம்பது சொன்னான், நூத்தியிருபதுக்கு முடிச்சேன்.
பூன்னா நாளைக்கு வாடிப்பூடும்,
இது அப்பறமும் ஆவும்.

சேனலிலிருந்து மூன்று பேர்.
என் குரல் நன்றாக இருக்கிறதாம்,
கதைதான் போதவில்லையாம்.
பேரணாம்பட்டு தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர்,
குடிக்கிறதில்லை, அடிக்கிறதில்லை,
மகள் பாடினால் தலையாட்டுவார்.
இதற்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?
கண்ணாடி போட்ட பெண் பேனாவை மூடியபடி
அப்பா இல்லேன்னு வெச்சுக்கலாமா என்றாள்,
காபிக்குச் சர்க்கரை வேணாமா என்பது போல.

நான் அப்பாவைப் பார்த்தேன்.
பார்த்தேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தேன்.
பார்த்தது
அவர் கையிலிருந்த டம்ளரை.

கம்பெனி அடையாள அட்டையிலிருந்து
முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள்.
அம்மாவின் பொட்டை மேக்கப் பெண் எடுத்தாள்.
ஸ்டிக்கர் பசை போகவில்லை,
ஈரக் காகிதத்தால் இரண்டு தரம் தேய்த்தாள்.
அம்மா சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
கொடியிலிருந்த அவர் சட்டைகளை எடுக்கச் சொன்னார்கள்.
சுண்ணாம்பும் ஆட்டுத்தோலும் கலந்த வாடை.
கேமராவில் வாடை விழாது என்று
யாருக்கும் தோன்றவில்லை.

நாற்பது விநாடிக்கு மூன்று டேக்.
முதல் இரண்டில் எனக்கு அழுகை வரவில்லை.
மூன்றாவதில்,
டீக்கடைக்கு அனுப்பப்பட்ட மனுஷன்
போகாமல் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று
அழு, அழு என்று கையைக் காட்டினார்.

கவுண்டன்யா ஆற்றில் என்றைக்கோ வரும் வெள்ளம்போல
ஓட்டு வந்தது.
மூன்றாம் பரிசு. ஒரு பிரிட்ஜ், ஒரு காசோலை,
துபாயில் ஒரு மேடை.
தெரிந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு பேனர் வைத்தார்கள்.
தெரியாதவர்கள் அம்மாவின் கையைப் பிடித்து அழுதார்கள்.
அம்மாவும் அழுதாள், என்ன செய்வாள்.
பஸ் ஏறும்முன் பொட்டை எடுத்துக்
கைப்பையில் ஒட்டி,
இறங்கியதும் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.
தோல் ஷாப்பில் முனிரத்தினம் என்ற பெயர் போயிற்று.
'பரலோகம், ரெண்டாம் டிரம்மைத் தொற.'
திறந்தாராம். சிரித்தாராம்.

அந்த வருஷம் வைகாசி ஒன்றாம் தேதி
சிரசுத் திருவிழாக் கச்சேரிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
முத்தியாலம்மன் கோயிலிலிருந்து
ஜனங்களின் தலைக்குமேல் அம்மன் தலை வந்து
கெங்கையம்மன் கோயிலில் உடம்போடு சேர்ந்தது.
வெட்டியவன் பெற்ற பிள்ளை.
ஒட்டச்சொல்லி வரம் கேட்டவனும் அவன்தான்.
ராத்திரி மேடையிலிருந்து பார்த்தால்
கரும்பு ஜூஸ் வண்டி ஓரம்
துண்டை முக்காடாகப் போட்டு ஒருவர்
தலையாட்டிக்கொண்டிருந்தார்.
தந்தையை இழந்த நம்ம ஊர்க் குயில்
என்றார் தொகுப்பாளர்.
என் கையிலும் ஒரு மைக் இருந்தது.
அடுத்த பாட்டுக்கு
கீபோர்டுக்காரரிடம் சுருதி சொன்னேன்.

இப்போது வளசரவாக்கத்தில் இருக்கிறேன்.
கோரஸ். மாதத்தில் நாலு நாள், சிலசமயம் அதுவும் இல்லை.
போன் செய்தால் எடுத்து
செத்தவன் பேசறேன், சொல்லுமா என்பார்.
ஆறு வருஷமாக, ஒவ்வொரு தடவையும்.
நான் சிரிப்பேன்.
சிரித்துவிட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடலாம்.

போன வியாழக்கிழமை அலோ என்றார்.
அலோ மட்டும்.
வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில்
மார் எக்ஸ்ரே எடுத்தார்களாம்.
ஒண்ணும் இல்லே, தூசிதான்,
திங்கக்கிழமை இன்னொரு தரம் வரச்சொல்லிக்கீறாங்க,
நீ துன்னியா?
பின்னால் காட்பாடி பஸ்ஸின் ஹாரன்.
நான் அந்தப் பழைய ஜோக்குக்காகக் காத்திருந்தேன்.
சிரிக்க
வாயைக்கூடத் திறந்து வைத்திருந்தேன்.